பதிவேடும் செபமாலையும்: ஒல்லாந்தர்கால யாழ்ப்பாணத்தில் கிறித்தவ வாழ்வு

1806 ஆம் ஆண்டில் குளோடியஸ் புக்கனன் என்னும் குரு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வங்காளத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியாரின் குருவாகக் கடமையாற்றிய இவர், கீழைத்தேயத்துக் கிறித்தவ சமூகங்களின் நிலையை நேரிற் கண்டறியும் பொருட்டுத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப் பயணம் செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் கண்டவை கூரையிழந்த கோயில்களும் மரஞ்செடி முளைத்த சுவர்களுமே. மாகாணம் முழுவதிலும் ஐரோப்பியப் புரட்டஸ்தாந்து குரு ஒருவரேனும் இருக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்து போதித்துக்கொண்டிருந்த கிறிஸ்தியன் டேவிட் என்னும் தமிழர் ஒருவரையே அவர் சந்திக்க முடிந்தது. ஆனால் கோவையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமாரோ மக்கள் மத்தியில் நிலைபெற்றிருந்தனர். புக்கனன் கத்தோலிக்க மதத்தின் பால் பரிவுடையவரல்லர். ஆதலால் 1811 இல் வெளிவந்த அவரது நூலிலுள்ள இக்கூற்றைப் பக்கச்சார்பென்று தள்ளிவிட இயலாது.

இக்காட்சியை ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கணக்குகளுடன் ஒப்பிடும்போதே வரலாற்று மாணவனுக்கு வியப்பு உண்டாகின்றது. யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான சில ஆண்டுகளுள், 1663 இல், அப்பட்டினத்துக்கு உட்பட்ட கிறித்தவர் தொகை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டதென பால்டேயஸ் பாதிரியார் எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றதன் பின், 1802 ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாணத் தமிழருட் பெயரளவிற் புரட்டஸ்தாந்தராயிருந்தோர் 136,000 பேர் என ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1850 இல் வெளியிட்ட தமது நூலிற் குறிக்கின்றார். ஆக, பதிவேட்டில் எண்ணிக்கை இறுதிவரை பெருகிக்கொண்டே போயிற்று. கோயிலோ இடிந்துகொண்டே போயிற்று. தடைசெய்யப்பட்டிருந்த மதம் பிழைத்துக்கொள்ள, அரசாங்கத்தின் மதம் அவ்வரசாங்கத்தோடு கப்பலேறியது எவ்வாறு? இவ்வினாவுக்குரிய விடையை ஆள்பதிகளின் கட்டளைகளிற் காண்பதிலும், அன்றாடம் பொழுது விடிந்து பொழுது சாயும் வரை வீட்டில் நிகழ்ந்தவற்றிற் காண்பதே பொருத்தமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். கத்தோலிக்க மதமும் இம்மண்ணில் அரச பலத்துடனேயே பரவியது. 1544 இல் மன்னாரில் மதம் மாறியோரை யாழ்ப்பாண மன்னன் கொல்வித்த வரலாறு, அக்காலத்திலேயே ஞானஸ்நானம் அரசியற் செயலாகக் கருதப்பட்டமைக்குச் சான்று. 1560 இல் மன்னாரிற் கோட்டை அமைத்த போர்த்துக்கேயர், 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குட்படுத்தினர். அதன் பின் கோவில்கள் இடிக்கப்பட்டன. பிரான்சிஸ்கன் சபையாரும் இயேசு சபையாரும் ஊர்தோறும் கோயில்கள் அமைத்தனர். மக்கள் திரள்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். அச்சமும் சலுகை விருப்பும் இதில் வகித்த பங்கை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. எனவே ஒரு மதம் உள்ளத்தாலும் மற்றையது வாளாலும் வந்ததெனப் பிரித்துக் கூறுதல் பொருந்தாது. இரண்டும் ஒரே வாசலால் வந்தவையே. வேறுபாடு, அவ்வாசல் அடைபட்ட பின்னர் நேர்ந்ததில் உள்ளது.

1658 ஆனி மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அதே ஆண்டிற் பிறப்பிக்கப்பட்ட பிரகடனமொன்று, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதித்தது. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் உடைமையாயின, சுரூபங்கள் அகற்றப்பட்டன. மக்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தனர். முன்னைய ஆட்சியிற் கத்தோலிக்கராய் எழுதப்பட்டவர் இப்போது புரட்டஸ்தாந்தராய் எழுதப்பட்டார்.

எழுதப்பட்டார் என்பது இங்கு வெறும் அணியன்று. ஒல்லாந்தரின் சமய ஒழுங்கு முழுவதுமே எழுத்தின் மீது அமைந்திருந்தது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் கோயிலும் பாடசாலையும் ஒன்றாகவே இயங்கின. சட்டம்பியாரே அங்கு பெரியவர். பிள்ளைகளுக்கு எழுத்தும் மந்திரங்களும் கற்பித்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி அனுப்பப்பட்ட பிரசங்கத்தை வாசித்தவர் அவர். பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பாடசாலைத் தோம்பிற் பதிந்தவரும் அவரே. ஆண்டுதோறும் பாடசாலைப் பரிசோதகர்கள் வந்து தோம்பைப் பார்வையிட்டனர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் செலுத்தினர். தோம்பிற் பெயரில்லாதவனின் விவாகம் சட்டப்படி செல்லாது. விவாகம் செல்லாதெனின் பிள்ளைகளின் முதுச உரிமை ஐயத்துக்குள்ளாகும். ஞானஸ்நானம் பெறாதவர்க்கு முதலியார் முதலான உத்தியோகங்கள் கிட்டா. காணியும் கலியாணமும் உத்தியோகமும் தோம்பின் ஓரேட்டிலே தங்கியிருந்தபோது, அதிற் பெயர் எழுதுவிக்க மறுப்பவர் யார்? விவேகமுள்ள எந்தக் குடும்பத்தலைவனும் பெயரை எழுதுவித்துவிட்டே வீடு திரும்பினான்.

வீடு திரும்பிய பின் அவன் செய்தது என்ன என்பதைத் தோம்பு கூறாது.

சைவ மரபில் வழங்கும் செய்தியொன்று இவ்விடத்து நினைவு கூரத்தக்கது. விரத நாட்களில் மரக்கறி உணவை வாழையிலையில் உண்டவர்கள், அவ்விலையை வெளியே வீசின் காட்டிக் கொடுபடுவோம் என அஞ்சி, கூரை இறப்பிலே செருகி மறைத்து வைத்தனராம். இதற்கு ஆவணச் சான்று கேட்போர் உளர். ஆயின் தலைமுறை தலைமுறையாகப் பல ஊர்களிற் கூறப்பட்டு வரும் இக்கதை, தோம்பிற் பதிவான ‘கிறித்தவன்’ ஒருவனின் அடுக்களை நிலையை நன்கு உணர்த்துகின்றது. ஒல்லாந்தக் குருமார் தாமும் இதனை அறியாதவரல்லர். மக்கள் உத்தியோகத்துக்காகவும் விவாகப் பதிவுக்காகவும் மட்டுமே கோயிலுக்கு வருகின்றனர் என அவர்கள் திரும்பத் திரும்ப முறையிட்டனர். நோயை அறிந்தும் மருந்தை மாற்றாதது அவர்தம் பிழை. எண்ணிக்கை குறைந்த போதெல்லாம் புதிய கட்டளையொன்று வெளிவந்தது.

இதில் ஒரு முரண் அடங்கியுள்ளது. ஒல்லாந்து தேசத்திற் சீர்திருத்தக் கிறித்தவம் வீட்டிலே வாழ்ந்த மதமாகும். குடும்பத்தலைவன் உணவு வேளையில் வேதாகமத்தை வாசித்தலும், அனைவரும் சங்கீதம் பாடுதலும் அங்கு வழக்காயிருந்தன. தாய்மொழியில் வேதம் என்பதே அச்சமயத்தின் உயிர்நாடி. அத்தகைய சமயம் யாழ்ப்பாணத்துக்கு வேதமின்றி வந்தது! பால்டேயஸ் தமிழ் கற்றவர். 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தமது நூலிற் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழில் அச்சிட்டவர். அவருக்குப் பின் வந்தோருட் பெரும்பாலார் தமிழ் அறியாது மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தனர். கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது 1737 இல். தமிழரான பிலிப்பு தெ மெல்லோ திருத்திய புதிய ஏற்பாடு அங்கு தமிழில் அச்சானது 1759 இல். கோட்டை வீழ்ந்து நூறாண்டு கடந்த பின்னரே, வீட்டில் வைத்து வாசிக்கத்தக்க தமிழ் வேதநூலொன்றை இவ்வாட்சியார் வழங்கினர். தெ மெல்லோவின் புலமை போற்றற்குரியது; அவர் காலம் பிந்தி வந்தவர்.

முரண் இத்துடன் முடியவில்லை. அக்காலத்து ஆம்ஸ்டர்டாமிற் கத்தோலிக்கர் பகிரங்கமாக வழிபட இயலாதிருந்தது. ஆகவே அவர்கள் வீடுகளின் உட்புறத்தே மறைவான கோயில்களை அமைத்துக்கொண்டனர். வணிகரொருவர் தமது வீட்டின் மேல்மாடத்தில் அமைத்த அத்தகைய கோயிலொன்று 1663 இல் நிறைவுற்றது. இன்றும் அது காட்சிச்சாலையாகப் பேணப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் தொகை பால்டேயஸால் எழுதப்பட்ட அதே ஆண்டு அது. வீட்டுக்குள்ளே ஒளிந்த மதத்தை ஒழிக்க இயலாதென்பதை ஒல்லாந்தர் தம் தலைநகரிலேயே கண்டிருந்தனர்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு அத்தகைய மேல்மாடமும் கிட்டவில்லை. 1658 முதல் ஏறக்குறைய முப்பதாண்டுகள் அவர்கள் குருவின்றி வாழ்ந்தனர். கத்தோலிக்க சமயத்திற் குருவின்மை என்பது சாதாரண குறையன்று. குருவின்றேற் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, மரணத் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் இல்லை. சமயத்தின் பெரும்பகுதி பறிபோன பின் எஞ்சியவை சிலவே. பிறந்த குழந்தைக்கு எவரும் அவசர ஞானஸ்நானம் கொடுக்கலாம். மனனமான மந்திரங்களை எவரும் சொல்லலாம். செபமாலைக்கு எழுத்தறிவும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் தபசு காலத்திலும் மச்சமாமிசம் தவிர்க்கலாம். ஆலயமும் குருவும் அகன்றபோது, அன்றாடம் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டிற் சொல்லப்பட்ட செபமே சமயமாயிற்று. அதனைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமாகவே இருந்திருப்பர். தோம்பு ஆண்களின் உத்தியோகத்தை நோக்கியது, அடுக்களையை நோக்கவில்லை.

சில குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டே நீங்கின. மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு, 1670 அளவில் வன்னிக் காட்டினுட் சென்றோரே மடுத் திருப்பதிக்கு வித்திட்டோர் என்பது மன்னார்க் கத்தோலிக்கரின் மரபு. ஆண்டைக் குறித்து விவாதிக்கலாம். அடைக்கலம் தேடியவர்கள் உணவுப் பொருளுடன் சுரூபத்தையும் சுமந்தமையே இங்கு நோக்கற்பாலது.

இந்நிலையிலேதான் 1687 இல் யோசேப் வாஸ் அடிகளார் வந்தார். கோவையைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் 1651 இற் பிறந்த இவர், கொங்கணிப் பிராமண மரபினர். தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் உதவியாளுடன் தோணியேறி, நோயுற்ற நிலையில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அவர் கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்கக் கையாண்ட முறை எளியது. கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையை உற்று நோக்கியவரைத் தாம் உற்று நோக்கினார். முப்பதாண்டு மறைந்திருந்த சமூகமொன்றை அதன் அன்றாடச் சின்னத்தைக் கொண்டே அவர் இனங்கண்டார். தோம்பை அவர் பார்த்திருந்தால், அயலவர் யாவரும் அதிற் சீர்திருத்தக் கிறித்தவராகவே தோன்றியிருப்பர்.

சில்லாலை அவருக்கு அடைக்கலமாயிற்று. இரவில் வீடுகளிற் பூசை நிகழ்ந்தது. முன்னர் ஒல்லாந்தக் கோயிலிற் செய்யப்பட்ட விவாகங்கள் மீண்டும் ஆசீர்வதிக்கப்பட்டன. பதிவு சட்டத்துக்காகவும் ஆசீர்வாதம் விசுவாசத்துக்காகவும் என இரட்டை ஒழுங்கொன்று நிலைகொண்டது. இவ்விரட்டை வாழ்வைக் கோழைத்தனம் எனக் கொள்வாரும் உண்டு. ஆயின் காணியை இழந்து பிள்ளைகளைப் பட்டினியிலிட எல்லோரும் துணிவரெனக் கருதுதல், நூலகத்திலிருந்து எழுதுவோர்க்கு எளிதாகும். துணிந்தவரும் இருந்தனர். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்கெனக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துச் சிறையிட்டனர். அரச சேவையிலிருந்து கத்தோலிக்கத்துக்குத் திரும்பியிருந்த தொன் பேதுரு என்பவர் அடியுண்டு இறந்தாரென்றும், வேறு சிலர் கடூழியத்திற் கழிந்தனரென்றும் அடிகளாரின் வரலாறுகள் கூறுகின்றன. அடிகளார் தப்பிப் புத்தளத்துக்கும், 1692 இற் கண்டிக்கும் சென்றார். அங்கு முதலில் ஒற்றனென்று சிறைப்பட்டார். 1697 இல் வைசூரி பரவி, நோயாளரை உற்றாரே கைவிட்ட வேளையில், அவரும் மருமகனான கர்வாலோ அடிகளும் மத வேறுபாடின்றி அவர்களைப் பராமரித்தனர். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு அளித்த சுதந்திரம், வாதத்தால் வென்றதன்று. 1711 தை 16 இல் அவர் கண்டியிற் காலமானார். 2015 தை 14 இற் கொழும்பிற் புனிதராக உயர்த்தப்பட்டார்.

வாஸ் அடிகளாரின் தியாகம் பலராலும் பாடப்பட்டுள்ளது. அவரது ஒழுங்கமைப்புத் திறன் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. குருமார் சிலரே, ஊர்களோ பல. ஓரூருக்குக் குரு ஆண்டுக்கொருமுறை வருவதே அரிது. அடுத்த முறை வருவாரா என்பதும் நிச்சயமில்லை. ஆகவே சமய வாழ்வின் அன்றாட நிர்வாகத்தை அவர் ஊராரிடமே ஒப்படைத்தார். மூப்பர் ஊரின் சபைக்குத் தலைவர், பிணக்குத் தீர்ப்பவர், குரு வரும்போது மறைவிடம் ஒழுங்கு செய்பவர். அண்ணாவி செபம் சொல்லுவிப்பவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவர். அவசர ஞானஸ்நானம் கொடுப்பவர். இறப்போர் அருகிலிருந்து செபிப்பவர். நாட்டுக்கூத்துப் பழக்குபவரையும் அண்ணாவி என்றே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அழைப்பது ஆராயத்தக்கது. இரண்டு அண்ணாவிமாரும் ஏட்டிலுள்ளதை ஊரின் நாவில் ஏற்றுபவர்களே.

ஒல்லாந்தரின் சட்டம்பியாரையும் கத்தோலிக்கரின் அண்ணாவியையும் அருகருகே வைத்து நோக்கினால், செய்த தொழில் பெரும்பாலும் ஒன்றே எனத் தோன்றும். இருவரும் தமிழர், இருவரும் குருவல்லர், இருவரும் பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தனர். சட்டம்பியார் சம்பளம் பெற்றவர், மேலிருந்து பரிசோதிக்கப்பட்டவர். அண்ணாவி ஊராரின் நன்மதிப்பில் வாழ்ந்தவர். பிரித்தானியர் ஆட்சியில், ஆள்பதி நோர்த் முதலிற் புதுப்பித்த பாடசாலை ஒழுங்கு, 1803 அளவிற் சிக்கனத்தின் பேரிற் சட்டம்பிமாரின் வேதனம் நிறுத்தப்பட்டதும் சரிந்தது. அண்ணாவிமாருக்கு நிறுத்துதற்குரிய வேதனம் எதுவும் இருக்கவில்லை.

இவர்கள் நாவுக்கு நூல் அளித்தவர் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய இவர் 1742 இற் போலவத்தையில் இறந்தார். இவரது தமிழ் நூல்களுட் ‘தேவ அருள்வேத புராணம்’ வேத வரலாற்றைக் கூறுவது. ‘வியாகுல பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியது; தபசு காலத்தில் இராகத்துடன் வாசிக்கப்பட்டு வருவது. இலக்கிய வரலாற்றாசிரியர் சிலர் இந்நூல்களை மொழிநடை கருதி ஓரிரு வரிகளிற் கடந்து செல்வர். ஆயின் ஒரு நூலைத் தனியே அமர்ந்து வாசிப்போர் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. எழுத்தறியாத மீனவப் பெண்ணொருத்தி, மடியிற் பிள்ளையுடன் அமர்ந்து அப்புலம்பலைக் கேட்டுத் தன் மகனை நினைந்து அழுதபோது, அந்நூல் தன் பணியைச் செய்தது. ஒல்லாந்தரின் எழுதி வாசிக்கப்பட்ட பிரசங்கங்களுள் ஒன்றையேனும் ஊரார் நினைவில் வைத்திருந்தமைக்குச் சான்றில்லை.

எனினும் இதனை விசுவாசத்தின் வெற்றியென்று மட்டும் விளக்குவது வரலாறாகாது. கத்தோலிக்க மதம் மிக உறுதியாக நிலைத்தது கரையோரங்களிலாகும். மீன்பிடித் தொழில் கூட்டுத் தொழில்; வள்ளமும் வலையும் பலர் கைபட்டு இயங்குபவை. அச்சமூகங்களிற் கோயிலும் தொழிலும் சாதிக்கட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. மூப்பருக்கு இருந்த அதிகாரத்திற் சபையின் பங்கு எவ்வளவு, சாதியின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் கடினம். உட்புறத்து வேளாண் ஊர்களில் நிலம் தனியுடைமை. தோம்பின் பயன் அங்கு பெரிது. பழைய கோவில்களின் நினைவும் அங்கேயே ஆழமாய் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிற் கட்டுப்பாடு தளர்ந்ததும், அவ்வூரார் சைவத்துக்கு வெளிப்படையாகவே திரும்பினர். வண்ணார்பண்ணையில் வைத்திலிங்கச் செட்டியார் எழுப்பிய சிவன் கோவில் 1790 அளவில், ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து கூப்பிடு தொலைவில், நிறைவுற்றது. அங்கு குடமுழுக்குக் கண்டோருட் பலர் தோம்பின்படி கிறித்தவராயிருந்திருப்பர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அடுக்களையில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த சைவமே வீதிக்கு வந்தது. சைவரும் கத்தோலிக்கரும் இவ்வகையில் ஒரே பாடத்தை ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள் எனலாம்.

1806 வைகாசியில் ஆள்பதி மேற்றிலண்ட் பிறப்பித்த சட்டத்தால் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. புக்கனன் யாழ்ப்பாணம் வந்ததும் அதே ஆண்டிலேயே. தடை நீங்கியதும் கத்தோலிக்கர் புதிதாகத் தொடங்க வேண்டியது எதுவுமில்லை. மூப்பர் இருந்தார், அண்ணாவி இருந்தார், மந்திரங்கள் பிள்ளைகளின் நாவில் இருந்தன. பகலிற் கோயில் கட்டுதலே எஞ்சிய வேலை.

பத்தாண்டுகளின் பின், 1816 இல், அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும், அடுத்த ஆண்டில் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். அரசாங்கம் அவர்களுக்குக் கையளித்தவை ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பாழடைந்த கோயில்களும் வளவுகளுமாம். அவற்றுக்கு அவர்கள் மீண்டும் கூரையிட்டனர். தோம்பிற் பல்லாயிரமாய் எழுதப்பட்ட சபையைத் தேடி அவர்கள் செல்லவில்லை. அயலிலிருந்த பிள்ளைகளை அழைத்து, அரிவரியிலிருந்து தொடங்கினர்.